பூட்டிய ஜன்னலில் டிக்கெட் விற்குமா?

மதிப்பிற்குரிய கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் ஹால்ட்டில், அதாவது ரயில்வே ஊழியர் இல்லாத சின்ன நிலையத்தில், டிக்கெட் ஜன்னல் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று, டிக்கெட் விற்றுவந்த ஏஜென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புது ஆள் போடச் சொல்லி ஊரார் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினோம். போன மாதம் பதில் வந்தது, நாலே வரி. இந்த நிலையத்தில் டிக்கெட் விற்பனை மிகக் குறைவு, அதனால் ஏஜென்ட் போடும் எண்ணம் இல்லை, வண்டி இங்கே நிற்பதைத் தொடரலாமா என்றும் பார்க்கப்போகிறீர்கள். இதுதான் அதன் சாரம்.

நான் அந்தக் கடிதத்தை ஜன்னலுக்கு முன்னால் நின்றுதான் படித்தேன். பூட்டில் துரு ஏறியிருக்கிறது. கம்பிக்குள் சிலந்தி வலை. பூட்டியது நீங்கள், விற்கவில்லை என்று சொல்வதும் நீங்கள். கடையைச் சாத்திவிட்டுக் கல்லாவில் காசு விழவில்லை என்று வருத்தப்படும் முதலாளியை எங்கள் பக்கம் பார்த்ததில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவாரூர் – காரைக்குடி தடத்தில் முத்துப்பேட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். பட்டுக்கோட்டையில் பாத்திரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். டெமு என்கிற டீசல் பாசஞ்சர் வண்டியில் காலையில் போய் மாலையில் திரும்புகிறவள். என் அப்பா மீட்டர் கேஜ் காலத்தில் இதே தடத்தில் கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கக்கத்தில் சுருட்டிய சிவப்பு, பச்சைக் கொடிகளுமாக விடியும் முன்னே கிளம்பித் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கீகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார். ஆகவே ரயில்வே மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. நான் வளர்ந்த சோறே அதுதான்.

முதலில் அபராத விஷயம். மழை விட்டிருந்த ஒரு நாள், எங்கள் தெரு அத்தாச்சி ஒருவர் இரண்டு கட்டு ஈர்க்குச்சித் துடைப்பத்தோடு காலை வண்டிக்கு வந்தார். எழுபது தாண்டியவர். கையில் 10 ரூபாயை மடித்து வைத்திருந்தார், டிக்கெட்டுக்கு. ஜன்னல் பூட்டியிருப்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. பட்டுக்கோட்டையில் இறங்கியதும் பரிசோதகர் நிறுத்தினார். டிக்கெட் இல்லை. கட்டணம் 10, அபராதம் 250, ஆக 260. அத்தாச்சி மடித்த நோட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: “டிக்கெட் குடுக்க ஆளு வைக்கல. டிக்கெட் இல்லன்னு தண்டமா தம்பி?”

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. முகம் சுருங்கித்தான் ரசீது எழுதினார். அவருக்கு இருக்கும் விதி அது. நாங்கள் நாலைந்து பேர் சேர்த்துக் கட்டினோம். அன்று கொண்டுபோன துடைப்பம் முழுக்க விற்றாலும் அவ்வளவு தேறாது. அதற்கப்புறம் அத்தாச்சி ரயிலுக்கு வருவதில்லை. பஸ்ஸில் துடைப்பக் கட்டை ஏற்ற நடத்துநர் முணுமுணுக்கிறார் என்று பாதி நாள் போவதே இல்லை. உங்கள் கணக்கில் இது எப்படிப் பதிவாகும் என்று யோசித்தேன். எங்கள் ஹால்ட்டில் பயணி ஒருவர் குறைவு. அவ்வளவுதான்.

போனில் டிக்கெட் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறோம், போன் உள்ளவர்கள். ஆனால் காகிதம் இல்லாத டிக்கெட்டைத் தண்டவாளத்தை ஒட்டி நின்று எடுக்க முடியாது, தள்ளிப் போய் எடுக்க வேண்டும். அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் படம் பிடித்து எடுக்க வேண்டும். எங்கள் ஹால்ட்டில் அந்தக் கோடே ஒட்டவில்லை. பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தால், திரும்பச் சாலைப் பக்கம் ஓடி, சிக்னல் கிடைக்கிற வேப்பமரத்தடியில் நின்று, பணம் போய் டிக்கெட் வருவதற்குள் வண்டி வந்துவிடும். நிற்பது ஒரு நிமிஷம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேப்பமரமும் உதவாது.

கார்டிடம் முன்கூட்டிச் சொல்லி அவர் அனுமதியோடு ஏறினால் அபராதம் இல்லாமல் கட்டணம் மட்டும் கட்டலாம் என்று உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது. நல்ல விதி. கார்டு இருப்பது கடைசிப் பெட்டியில். பிளாட்பாரம் தாழ்வு, டெமுவின் படி உயரம். கூடையைக் கீழே வைத்து, ஒருவர் கையைப் பிடித்து இழுக்க இன்னொருவர் பின்னாலிருந்து தூக்கிவிட்டு ஏறுகிற கிழவி, அந்த ஒரு நிமிஷத்தில் கடைசிப் பெட்டிக்கு ஓடிப்போய் அனுமதி கேட்டுத் திரும்பி வந்து ஏற வேண்டும். விதி எழுதியவர் எங்கள் ஊர் பிளாட்பாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

இனி இந்தத் தடத்தின் கதை. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தால் அந்த நாலு வரிக் கடிதம் அப்படி வந்திருக்காது.

1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் வந்தது. அதைப் போட்டது லண்டனில் பங்கு விற்ற கம்பெனி அல்ல, உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் மாவட்ட போர்டு. வண்டி ஓட்டிக் கொடுத்தது மட்டும்தான் தென்னிந்திய ரயில்வே. மாவட்ட போர்டு ஒன்று தானே ரயில் போடுவது அந்தக் காலத்தில் அபூர்வம். பணம் எங்கிருந்து வந்தது? நிலத்தீர்வையோடு சேர்த்து, ரூபாய்க்கு இத்தனை தம்பிடி என்று ரயிலுக்காகவே தனி வரி போட்டார்கள். காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள், ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே அதற்குக் காசு கட்டினார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் தடம் பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு இணைப்பு வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம்தான். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் கிளையையும் 1915-இல் இதே போர்டுதான் போட்டது.

ஆகவே எங்கள் ஊரில் வண்டி நிற்பதை ஏதோ தயவு பார்த்துக் கொடுத்த சலுகை போல எழுதாதீர்கள். எங்கள் பாட்டன், பூட்டன் கட்டிய வரியில் போட்ட தடம் இது.

மன்னார்குடியைச் சொன்னேன். அந்தக் கிளையை 1976-இல் வருமானம் இல்லை என்று நிறுத்தினார்கள். 35 வருஷம் கழித்து, 2011-இல் மறுபடி திறந்தார்கள். இன்று அங்கிருந்து சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ். ஜோத்பூர் பக்கம்கூட ஒரு வண்டி போகிறது. வருமானம் இல்லாத ஊரிலிருந்துதான் இத்தனையும். இன்னொரு பக்கம் தரங்கம்பாடி இருக்கிறது. 1980-களில் மயிலாடுதுறை – தரங்கம்பாடி வண்டியை நிறுத்தினார்கள். இன்றுவரை அங்கே ரயில் கிடையாது. நிறுத்துவது சுலபம், திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை போகிறது.

எங்கள் நிலையம் ஒரு காலத்தில் ஹால்ட் இல்லை. எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இரண்டு தடம் போட்ட கிராசிங் ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், அவருக்குக் குடியிருப்பு இருந்தது, வாசலில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். வீட்டில் உலை வைத்தவர்கள்கூட அந்த மணியை வைத்துத்தான் நேரம் பார்ப்பார்கள். கம்பன் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்காது. ஆனால் அது போகும்போது ஸ்டேஷன் மாஸ்டரோ போர்ட்டரோ பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். வளையத்தின் அடியில் தோல் பை, பைக்குள் இரும்புப் பந்து. அந்தப் பந்து கைக்கு வந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை தடம் காலி என்று அர்த்தம். என்ஜினிலிருந்து நீளும் கை வளையத்துக்குள் புகுந்து அதை இழுத்துக்கொண்டு போகும். பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்து உருளும். அதை ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பது சிறுபிள்ளைகளான எங்களுக்குப் பெரிய உத்தியோகம். அப்பா பார்த்தால் காதைத் திருகுவார்.

அப்போது காலை வண்டியில் முத்துப்பேட்டை மடவை மீன் கூடைகள் போகும். பெட்டி முழுக்க ஐஸ் தண்ணீர் சொட்டும். தேங்காய் மூட்டை, கீற்று, நாகூர் போகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டுத் திரும்புகிறவர்கள். சரி, அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. பந்து போய் சிக்னல் வந்தது நல்லதுதான்.

2012-இல் அகலப் பாதைக்காக வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தலைமுறை ரயிலில் ஏறாமலே பள்ளிப் படிப்பை முடித்தது. நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல். தென்னந்தோப்புகள் போனதை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எங்கள் நிலையத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டும் அன்று இரவுதான் சாய்ந்தன. அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு கன்றுகூட வைக்கவில்லை. பங்குனி வெயிலில் நாங்கள் நிற்பது பெயர்ப் பலகையின் நிழலில். அது நகர நகர நாங்களும் நகருவோம்.

2019 ஜூனில் ஒருவழியாக வண்டி வந்தது. வாழை மரம் கட்டி வரவேற்றோம். ஆனால் அந்த வண்டி ஓடிய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். கேட்களுக்குக் கேட் கீப்பர்கள் இல்லை. கேட் மூடுகிறவரும் திறக்கிறவரும் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார், வண்டி கடந்ததும் மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். திருவாரூரிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் ஆனது. சைக்கிளில் வந்தவர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தது எனக்கு மறக்கவில்லை. அந்த வண்டியில் யார் ஏறுவார்கள்? பஸ்ஸுக்குப் பழகிய சனம் பஸ்ஸிலேயே இருந்துவிட்டது. பத்து மாதம் முடிவதற்குள் கொரோனா, எல்லா வண்டியும் நின்றது. திரும்ப ஓட ஆரம்பித்தபோது 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய் ஆகியிருந்தது, அதே பெட்டி, அதே வேகம், பெயர் மட்டும் ஸ்பெஷல். அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது 2024 பிப்ரவரியில்தான். இப்போது கேட் கீப்பர்கள் வந்துவிட்டார்கள், வண்டி ஒழுங்காக ஓடுகிறது, கட்டணமும் இறங்கிவிட்டது. இனி சனம் வரும் என்று நினைத்த நேரத்தில் ஜன்னலைப் பூட்டினீர்கள்.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்காமல், விற்பனை குறைவு என்று ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது உங்களால்.

அந்த விற்பனைக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுவது என் பிழைப்பு. நான் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். எங்கே வாங்கினேன்? பட்டுக்கோட்டையில், ஏனென்றால் எங்கள் ஊரில் வாங்க வழியில்லை. என்னோடு வரும் ஜவுளிக்கடைப் பெண்களும் அங்கேதான் வாங்குகிறார்கள். மாலையில் எங்கள் ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் வாங்கும் டிக்கெட்டும் பட்டுக்கோட்டை விற்பனைதான். 2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை வண்டி விட்டீர்கள், 2025 ஏப்ரலில் தாம்பரம் – ராமேஸ்வரம் வண்டி விட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் சென்னையில் வேலைக்கு இருக்கிறார்கள், அவற்றில்தான் போய் வருகிறார்கள். அந்த டிக்கெட்டில் எங்கள் ஊர்ப் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் பயணம் எங்கள் ஊர் வீட்டில்தான் தொடங்குகிறது. இந்த எக்ஸ்பிரஸ்கள் எங்கள் ஹால்ட்டில் நிற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு விவரம் கெட்டவர்கள் இல்லை நாங்கள்.

போன வாரம் திங்கள்கிழமை காலை வண்டிக்கு ஏறியவர்களை நானே எண்ணினேன். 19 பேர். பெரிய எண்ணிக்கை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பதிவேட்டில் அன்றைக்கு எங்கள் ஊர்க் கணக்கு பூஜ்யமாக இருந்திருக்கும். பத்தொன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் புகார். வண்டி பட்டுக்கோட்டையைத் தொடும்போது மணி பத்தை நெருங்கிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் வர முடியாது. நானே கடையில் பேசி வைத்துத்தான் தாமதமாகப் போகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் 19 என்பது எத்தனையாக ஆகும் என்று சோதித்துப் பாருங்களேன்.

மாலை இன்னொரு பாடு. கார்த்திகை, மார்கழியில் நாங்கள் இறங்கும்போது கும்மிருட்டு. கம்பத்தில் விளக்கு இருக்கிறது, எரிவதில்லை. ஏஜென்ட் இருந்தவரை சாயங்காலம் வந்து சுவிட்சைப் போடுவார். சுவிட்ச் இருப்பதும் பூட்டிய அறைக்குள். பெண்கள் நாங்கள் போன் வெளிச்சத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சரளையில் இறங்கிக் கேட் வரை நடக்கிறோம். கழிப்பறையும் பூட்டு. குழாய் இருக்கிறது, திருகினால் காற்று வரும். வருஷம் 5 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள கடைசி வகை ஹால்ட்டுக்குக்கூடக் குடிநீர், விளக்கு, நிழல் போன்ற குறைந்தபட்ச வசதி இருக்க வேண்டும் என்பது நீங்களே வகுத்த விதிமுறை. அதிலும் நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. எங்கள் ஊர் நிறுத்தத்தை எடுப்பது பற்றிய பரிசீலனையை உடனே கைவிட்டு, கைவிட்டதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து, காலை வண்டியை ஒன்பது மணிக்குள் பட்டுக்கோட்டையில் சேரும்படி மாற்றி, ஒரு வருஷம் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகு கணக்குப் பேசுங்கள், நாங்களும் உட்கார்ந்து பேசுகிறோம்.

ஏஜென்ட் டெண்டரை மறுபடி விட வேண்டும். போன முறை கட்டுப்படியாகாததற்குக் காரணம் கமிஷன் மட்டும் இல்லை. டெபாசிட்டும், பெரிய ஸ்டேஷனுக்குத் தன் செலவில் போய் டிக்கெட் வாங்கி வர வேண்டியதும்தான். எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று இந்த வேலையை எடுத்துச் செய்யத் தயாராக இருக்கிறது. டெபாசிட்டைக் குறைத்து அவர்களிடம் கொடுங்கள். விளக்கு சுவிட்சும் கழிப்பறைச் சாவியும் அவர்களிடமே இருக்கட்டும்.

ஏஜென்ட் வரும் வரை எங்கள் ஹால்ட்டில் ஏறுகிறவர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது. வண்டியிலோ இறங்கும் இடத்திலோ கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கும்படி பரிசோதகர்களுக்கு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவின் நகலை எங்கள் நிலையச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். க்யூஆர் கோடு ஒட்டுவதற்கு ஒரு பசை டப்பா போதும், அதை இந்த வாரமே செய்யலாம். பிளாட்பாரத்தை உயர்த்த நிதி வேண்டும், நாள் ஆகும், தெரியும். அதுவரை பெட்டி நிற்கும் இரண்டு இடத்திலாவது சிமெண்ட் படி கட்டித் தாருங்கள். மரக்கன்று நாங்களே வைத்துக்கொள்கிறோம், பிடுங்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

அத்தாச்சிக்காக நாங்கள் கட்டிய 260 ரூபாயின் ரசீது என்னிடம் இருக்கிறது. அதில் 10 ரூபாய் உங்களுடையது. மீதி 250-ஐத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் அதையும் தெரிவிக்கவும்.

இந்த மடலுக்கு முப்பது நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். நேரில் பார்க்க வருவதானால் மாலை டெமுவில் வாருங்கள், டிசம்பர் மாதத்தில், எங்களோடு இறங்குங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் – காரைக்குடி தடத்தில்
தினமும் ஏறி இறங்கும்
ஒரு கீமேனின் மகள்